தேம்ஸ் ஆற்றின் இரவுப் படகுகள்

1750ஆம் ஆண்டு நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரை, லண்டன் நகருக்குள் தேம்ஸைக் கடக்க ஒரே ஒரு பாலம்தான் இருந்தது. 1209இல் கட்டி முடிக்கப்பட்ட லண்டன் பாலம் அது. மேற்கே புட்னியில் 1729இல் ஒரு மரப்பாலம் வந்தது என்றாலும், புட்னி அன்று நகரத்துக்கு வெளியே இருந்த கிராமம். ஆகவே தென்கரையில் நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவரும், நீதிமன்ற வேலை முடிந்து வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து கிளம்புகிறவரும், பிள்ளைப்பேறு பார்க்க அக்கரைக்குப் போகும் மருத்துவச்சியும் படகையே நம்பினார்கள். இருட்டிய பிறகு படித்துறையில் இறங்கிக் குரல் கொடுத்தால், நீரின் மேலிருந்து ஒரு குரல் பதில் தரும். லாந்தர் ஒன்று அசைந்து அசைந்து நெருங்கி வரும்.

இன்று டவர் பாலத்திலிருந்து, ஓதம் ஏறி நிற்கும் எல்லையான டெடிங்டன் வரை சுமார் 30 பாலங்கள் இருக்கின்றன. வெறுமனே அக்கரைக்குப் போகப் படகு தேடுகிறவர் அனேகமாக யாருமில்லை. இரவில் தேம்ஸின் மேல் சிறு படகில் இருப்பவர் துடுப்புப் பயிற்சிக்கு வந்தவராக இருப்பார். கயாக்கில் ஒரு சுற்றுப் போக ஆசைப்பட்டவராக இருப்பார். அல்லது படகையே வீடாகக் கொண்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்கிறவராக இருப்பார். அன்று பிழைப்பும் தேவையும் ஆற்றில் இறக்கின. இன்று பெரும்பாலும் விருப்பம் இறக்குகிறது.

ஆனால் ஆற்றுக்கு இந்த வேறுபாடு தெரியாது. வட கடலின் ஓதம் அன்று போலவே இன்றும் நாளுக்கு இருமுறை நகருக்குள் ஏறி, இருமுறை இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் லண்டன் பாலத்தருகே நீர்மட்டம் ஏழு மீட்டர் அளவுக்கு உயர்ந்து தாழும். நீரோட்டம் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். காலையில் மணல்திட்டாகக் கிடந்த இடத்தில் மதியம் கப்பல் போகும். இந்த வேகத்தில் ஒரு சிறு படகு பாலத்தூணின் மீது பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டால், ஓட்டத்தின் முழு விசையும் படகின் மேல்விளிம்பை அமுக்கும்; படகு தூணோடு ஒட்டி அப்படியே கவிழும். நங்கூரமிட்டு நிற்கும் சரக்குத் தோணிகள் அதைவிட ஆபத்தானவை. அவற்றின் முன்பக்கம் சரிவாக மேலேறி இருக்கும். ஓட்டம் இழுத்துக்கொண்டு வரும் சிறு படகையும் அதிலிருப்பவரையும் அந்தச் சரிவு அடியில் வாங்கிக்கொண்டுவிடும். பகலில் தொலைவிலேயே கண்ணில் படும் இந்த இடங்கள், இரவில் வெறும் கறுப்பு. அவை எங்கே இருக்கின்றன என்று முன்பே தெரிந்திருப்பவரே விலகிப் போவார்.

முன்பே தெரிந்திருப்பதைத்தான் அன்றைய சட்டம் கேட்டது. 1514இல் எட்டாம் ஹென்றியின் காலத்தில் வந்த சட்டம் படகுக் கூலியை வரையறுத்தது. 1555இல் வந்த சட்டம் உயிர்களைப் பற்றிப் பேசியது. பழக்கமில்லாதவர்கள் துடுப்பெடுத்ததால் ஆட்கள் மூழ்குவதைக் காரணம் காட்டி, ஓடக்காரர்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கியது. பயணிகளை ஏற்றும் வெர்ரிப் படகு குறைந்தது இருபத்திரண்டரை அடி நீளமும், நடுவில் நான்கரை அடி அகலமும் இருக்க வேண்டும் என்று அளவும் வைத்தது. குறுகலான படகு கவிழும் என்பது அதற்குள் பலரின் சாவு கற்றுக்கொடுத்த பாடம். தொடக்கத்தில் ஓராண்டாக இருந்த பழகுகாலம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாண்டாக்கப்பட்டது. பதின்பருவத்தில் ஓர் ஓடக்காரரிடம் சேரும் பையன், இருபதைத் தாண்டும்போது எந்தப் படித்துறையில் எந்த ஓதத்தில் எத்தனை படி வெளியே தெரியும் என்று இருட்டிலும் சொல்லிவிடுவான்.

அந்த அறிவுக்கு உச்ச சோதனை பழைய லண்டன் பாலம். அதற்குப் பத்தொன்பது கண்கள். தூண்களைச் சுற்றிக் கட்டியிருந்த காப்பு மேடைகள் ஆற்றின் அகலத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டதால், இறங்கோதத்தில் பாலத்துக்கு மேற்கே நீர் தேங்கிக் கிழக்கே ஆறடி வரை தாழ்ந்து விழும். அந்தக் கண்களுக்குள் படகைச் செலுத்துவது அருவியில் இறங்குவது போன்றது. நிதானமுள்ளவர்கள் பாலத்துக்கு முன்பே இறங்கி, கரையோடு நடந்து, மறுபக்கம் பில்லிங்ஸ்கேட் அருகே மீண்டும் ஏறிக்கொண்டார்கள். துணிந்தவர்கள் படகிலேயே இருந்தார்கள். அவர்களில் பலர் பிழைக்கவில்லை. 1831இல் புதிய பாலம் திறக்கப்பட்டு, பழையது இடிக்கப்பட்டதும் அந்த நீர்வீழ்ச்சி மறைந்தது. சிறு படகுகளுக்கு இந்த ஆற்றில் கிடைத்த பாதுகாப்புகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம். ஒரு கட்டுமானத்தை அகற்றியதால் வந்த பாதுகாப்பு அது. யாரும் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

ஓடக்காரர்களின் இரவு உழைப்புக்கு ஒரு நினைவுச்சின்னம் இன்றும் நடக்கிறது. தாமஸ் டாக்கெட் என்ற ஐரிஷ் நடிகர் ஓரிரவு நேரம் கழித்து வீடு திரும்ப நின்றாராம்; காற்றும் ஓதமும் எதிராக இருந்ததால் எவரும் வரவில்லை; பழகுகாலம் அப்போதுதான் முடிந்திருந்த ஓர் இளைஞன் மட்டும் ஏற்றிக்கொண்டு போனானாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆனால் 1715இல் டாக்கெட் தொடங்கிவைத்த பந்தயம் வரலாறு. லண்டன் பாலத்திலிருந்து செல்சி வரை, சுமார் ஏழரை கிலோமீட்டர். வெல்பவருக்குச் சிவப்புக் கோட்டும், கையில் பதிக்க வெள்ளி வில்லையும் பரிசு. அன்று கனத்த வெர்ரிகளில், ஓதத்தை எதிர்த்துத் துடுப்பிட்டார்கள். முடிக்க இரண்டு மணி நேரம் வரை ஆகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பந்தயம் ஓதத்தோடு போகிறது; படகும் காகிதக் கனத்தில் ஒற்றை ஆள் பந்தயப் படகு. 1973இல் ஒருவர் இருபத்து நான்கு நிமிடத்துக்குள் முடித்தார். வேகம் கூடியதில் மகிழ்ச்சிதான். ஆனால் எதிரோதத்தில் ஒரு பயணியைக் கரைசேர்க்கும் திறமையை அளந்த பந்தயம், இன்று அதை அளக்கவில்லை.

தண்ணீரில் விழுந்தவர் கதி என்ன? அன்றைய பதில் எளியது: பக்கத்தில் எந்தப் படகு இருக்கிறதோ அது. ஓடக்காரர்களில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. தக்கை வைத்த மிதவைச் சட்டையே 1854இல்தான் வந்தது. எனினும் ஆறு நிறையப் படகுகள் இருந்தன. கத்தினால் கேட்கும் தொலைவில் யாராவது இருந்தார்கள். 1774இல் தொடங்கிய ராயல் ஹியூமன் சொசைட்டி அந்த யாரோ ஒருவரை ஊக்குவிக்கப் பணம் வைத்தது. மூழ்கியவரை மீட்க முயன்றால் இரண்டு கினி, உயிர் திரும்பிவிட்டால் நான்கு கினி. நீரிலிருந்து எடுத்த உடலைத் தம் கூரைக்கடியில் கிடத்த இடம் தந்த சத்திரக்காரருக்கும் ஒரு கினி. மூச்சு நின்றதாலேயே ஒருவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதே என்பதை ஊராருக்குப் புரியவைக்க இவ்வளவு செலவிட வேண்டியிருந்தது. 1798இல் வாப்பிங்கில் ஆற்றுக் காவல் படை வந்தது. அவர்கள் சரக்குத் திருட்டைத் தடுக்க வந்தவர்கள். ஆனால் இரவு முழுதும் துடுப்புப் படகில் ஆற்றிலேயே சுற்றியதால் காப்பாற்றும் வேலையும் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

பிறகு கரை மாறியது. 1860களில் ஜோசப் பாசல்கெட் கழிவுநீர்க் கால்வாய்களுக்காக ஆற்றின் ஓரங்களை மதிலிட்டு நிரப்பினார். விக்டோரியா எம்பேங்க்மென்ட் 1870இல் திறக்கப்பட்டது. காலராவை விரட்டிய பெரும் பணி அது; அதை யாரும் குறைசொல்ல முடியாது. சேற்றுச் சரிவாக இருந்த கரை நெட்டுக்குத்தான கருங்கல் சுவரானது. ஆறு குறுகியது. குறுகிய ஆற்றில் ஓட்டம் கடுமையாகும். நூற்றுக்கணக்கில் இருந்த படித்துறைகளில் பலவும் அந்தச் சுவருக்குள்ளும், பின்னர் கிடங்குகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையிலும் காணாமல் போயின. அன்று விழுந்தவர் கரையொதுங்கினால் சேற்றில் கால் ஊன்றலாம், படியைப் பிடிக்கலாம். இன்று அவர் கை படுவது பாசி பிடித்த வழுக்குச் சுவர். அதனால்தான் சுவர்களில் இப்போது சங்கிலிகளைத் தொய்வாகக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இடையிடையே இரும்பு ஏணிகள், மேலே மிதவை வளையங்கள். எம்பேங்க்மென்டில் நடக்கும்போது சற்று எட்டிப் பார்த்தால் அந்தச் சங்கிலி தெரியும்: நீரில் விழுந்தவர் ஏறி வர அல்ல, யாராவது வரும்வரை தொங்கிக்கொண்டிருக்க.

வெளிச்சமும் அதே நூற்றாண்டில் வந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் 1813இன் கடைசி இரவில் எரிவாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. 1878 டிசம்பரில் எம்பேங்க்மென்டில் மின்விளக்குகள் எரிந்தன. அதற்கு மூன்று மாதம் முன், செப்டம்பர் 3ஆம் தேதி மாலை மங்கிய வேளையில், நகருக்குக் கிழக்கே பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாச நீராவிப் படகின் மீது பைவெல் காஸில் என்ற நிலக்கரிக் கப்பல் மோதி, படகு சில நிமிடங்களில் மூழ்கியது. இறந்தவர்கள் 600க்கும் மேல். சுத்திகரிக்காத கழிவுநீர் ஆற்றில் திறந்துவிடப்பட்ட சிறிது நேரத்தில், திறந்துவிடப்பட்ட இடத்துக்கு அருகிலேயே அது நடந்தது. துடுப்புப் படகுகளை மட்டும் வைத்திருந்த ஆற்றுக் காவலர்களுக்கு 1880களின் நடுவில் நீராவிப் படகுகள் கிடைத்ததும் இதன் பிறகே.

இந்த ஆற்றில் விதிகள் இப்படித்தான் வந்தன, ஆட்களைக் கொடுத்து. அதன் ஆகக் கசப்பான சான்று 1989.

ஆகஸ்ட் 20, அதிகாலை 1.46. கேனன் ஸ்ட்ரீட் ரயில் பாலத்தை ஒட்டி, பிறந்தநாள் விருந்துக்குப் போன சுமார் 130 பேரோடு மார்ஷனெஸ் என்ற படகு சென்றுகொண்டிருந்தது. 1923இல் கட்டப்பட்ட 26 மீட்டர் படகு. அதே திசையில், பின்னால், போபெல் என்ற 80 மீட்டர் மணல் அள்ளும் கப்பல். கப்பலைச் செலுத்தும் அறை பின்கோடியில் இருந்தது. முன்னால் பார்க்கவிடாமல் மணல் அள்ளும் இயந்திரங்கள் மறித்தன. படகை ஓட்டியவருக்குப் பின்னால் பார்க்கவிடாமல் அதன் மேல்தளக் கூடம் மறைத்தது. இரண்டிலும் விளக்குகள் எரிந்தன. இரண்டு கரையிலும் நகரம் ஒளிர்ந்தது. இரண்டிலும் சரியான கண்காணிப்பு இல்லை என்பதே பின்னர் விசாரணையில் தேறியது. மோதிய ஒரு நிமிடத்துக்குள் மார்ஷனெஸ் நீருக்கடியில் இருந்தது. 51 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். தப்பியவர்களில் பலரைத் தூக்கியது, அருகில் வந்துகொண்டிருந்த ஹர்லிங்கம் என்ற இன்னொரு விருந்துப் படகு. நானூறு ஆண்டுக்கு முந்தைய அதே பதில்: பக்கத்தில் எந்தப் படகு இருக்கிறதோ அது.

அந்தப் பதில் போதாது என்று அரசு ஒப்புக்கொள்ளப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் கேட்டதால்தான் நீதிபதி கிளார்க்கின் விசாரணையும், 2000இல் அவருடைய அறிக்கையும் வந்தன. 2002 ஜனவரி 2 அன்று, பெரும்பாலும் கடலோரத்தில் இயங்கிவந்த ஆர்.என்.எல்.ஐ. உயிர்காப்பு அமைப்பு தேம்ஸில் நான்கு நிலையங்களைத் திறந்தது: டெடிங்டன், சிஸ்விக், டவர், கிரேவ்சென்ட். அவற்றில் டவர் நிலையம் 2006இல் வாட்டர்லூ பாலத்தடிக்கு மாறியது. அங்கே இரவும் பகலும் ஆள் இருக்கிறார்கள். அழைப்பு வந்த 90 விநாடிக்குள் மூவர் ஏறிய படகு கிளம்பிவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நீரைப் பீய்ச்சி ஓடும் அந்தப் படகின் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். பிரிட்டன், அயர்லாந்து முழுவதும் உள்ள இருநூற்றுச் சொச்ச உயிர்காப்பு நிலையங்களில் அதிக முறை படகு இறக்குவது, புயலடிக்கும் கடற்கரை எதுவுமல்ல, நகர நடுவிலுள்ள இதுதான். 1989க்கு முன் இறந்தவர்களில் எத்தனை பேருக்கு இது கிடைத்திருக்க வேண்டும் என்று எண்ணாமல் அந்த நிலையத்தைக் கடக்க முடியாது.

பாலங்களும் பேசக் கற்றுக்கொண்டன. போகலாம் என்ற கண்ணுக்கு மேல் இரண்டு ஆரஞ்சு விளக்குகள். மூடிய கண்ணுக்கு முக்கோணமாக மூன்று சிவப்பு. 40 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலோ, தோணிகளை இழுத்துவரும் இழுவைப் படகோ நெருங்கினால் வெள்ளை விளக்கு ஒன்று நிதானமாக விட்டுவிட்டு எரியும்; இரண்டு பெரிய கலங்கள் வந்தால் படபடவென்று சிமிட்டும். வானொலிக் கருவி இல்லாத சிறு படகுக்காரருக்கும் இது புரியும் என்பதே இதன் சிறப்பு. மற்ற ஏற்பாடுகள் அவரை எட்டுவதில்லை. தேம்ஸ் தடுப்பணை அருகிலிருந்து துறைமுக ஆணையத்தின் கட்டுப்பாட்டு அறை 14ஆம் அலைவரிசையில் நகருக்குள் ஆற்றின் போக்குவரத்தை நடத்துகிறது. ஆனால் வானொலி கட்டாயமாவது 13.7 மீட்டருக்கு மேற்பட்ட படகுக்கே. கயாக்கும் துடுப்புப் படகும் அந்த உரையாடலுக்கு வெளியே இருக்கின்றன.

பழையது எல்லாம் போய்விடவுமில்லை. பாலத்தில் பழுதுபார்க்கும்போது கண்ணின் உயரம் குறைந்தால், அடியில் ஒரு வைக்கோல் கட்டைத் தொங்கவிட வேண்டும் என்ற துறைமுக விதி இன்னும் நடப்பில் உள்ளது. 2023இல் மில்லேனியம் பாலத்தில் அப்படித் தொங்கியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. இரவில் மட்டும் வைக்கோலுக்குப் பதில் வெள்ளை விளக்கு.

குளிர்கால மாலையில் புட்னி கரையில் நின்றால் இன்றைய சிறு படகை நன்றாகப் பார்க்கலாம். ஐந்து மணிக்கே இருட்டிவிடும். எட்டுப் பேர் அமர்ந்த, மிகக் குறுகலான நீண்ட படகு. முன்னே ஒரு வெள்ளை விளக்கு, பின்னே ஒரு வெள்ளை விளக்கு. துடுப்பிடுகிறவர்கள் முதுகைக் காட்டியே போகிறார்கள்; முன்னே பார்ப்பவர் சுக்கான் பிடிப்பவர் ஒருவர்தான். ஒற்றை ஆள் படகில் அவரும் இல்லை. நீரின் வெப்பம் ஆறேழு டிகிரி. கவிழ்ந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு தாறுமாறாக இரைக்கும். அந்த ஒரு நிமிடத்தில் நீரைக் குடித்துவிடாமல் மல்லாந்து மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதையும் சொல்லித்தான் துடுப்புக் கழகங்கள் ஆட்களை இறக்குகின்றன. இது அன்றைய ஓடக்காரருக்குக் கிடைக்காத அறிவு.

அன்று அவருக்கு இருந்த ஒன்று இவர்களுக்கு இல்லை: இருட்டு. கரிய ஆற்றில் ஒரு லாந்தர் தொலைவிலிருந்தே தெரிந்தது. 2019க்கும் 2021க்கும் இடையே ஒன்பது பாலங்களுக்கு வண்ண ஒளி பூசப்பட்டிருக்கிறது. இரு கரையிலும் அடுக்குமாடிகளின் சன்னல்கள் நீரில் ஆயிரம் புள்ளிகளாக அசைகின்றன. அவற்றில் எது படகு, எது பிம்பம் என்று வேகப் படகை ஓட்டுகிறவர் நொடியில் பிரித்தறிய வேண்டும். அழகான பாலங்கள்தான். ஆனால் தனியாக ஒரு வெள்ளைப் புள்ளியை ஏந்திச் செல்பவருக்கு அவை உதவவில்லை.

வேகத்திலும் அப்படியே. வான்ட்ஸ்வொர்த் பாலத்துக்கு மேலே மணிக்கு 15 கிலோமீட்டர், அதற்குக் கீழே நகர நடுவில் 22 என்பது பொது எல்லை. வாப்பிங்குக்குக் கிழக்கே அனுமதி பெற்ற கட்டமரான்கள் 55 வரை போகின்றன. அவற்றின் அலை கருங்கல் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. சேற்றுக்கரை அந்த அலையை விழுங்கியிருக்கும்.

ஆறும் காலியாகிவிட்டது. 1981இல் ராயல் டாக்ஸ் மூடப்பட்டபோது, இரவெல்லாம் தோணி ஓட்டிய சரக்குக்காரர்களின் காலம் முடிந்தது. இன்றும் குப்பைக் கொள்கலன்களை இழுத்துச்செல்லும் படகுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு கூக்குரலைக் கேட்க ஆற்றில் எங்கும் ஆள் இருந்த நிலை இல்லை. அன்று உதவி அருகில் இருந்தது, ஆனால் அதற்குப் பயிற்சியும் கருவியும் இல்லை. இன்று உதவிக்கு இரண்டும் உண்டு. ஆனால் யாராவது பார்த்து அழைத்தால்தான் அது கிளம்பும். பெரும்பாலும் அழைப்பவர் பாலத்தின் மேல் நடந்துபோகும் ஒருவர்.

பயிற்சி விஷயத்தில் சட்டம் தலைகீழாகிவிட்டது என்றே எனக்குப் படுகிறது. 1555இன் சட்டம் ஆற்றின் ஆகச் சிறிய படகை ஓட்டுகிறவரைப் பார்த்துப் பேசியது. 2007இல் நாடு முழுமைக்குமான படகோட்டி உரிமம் வந்தபோது, தேம்ஸின் நீண்ட பழகுகாலம் கட்டாயமாக இருந்த நிலை முடிந்தது. பழைய ஓடக்காரக் குடும்பங்கள் கடுமையாக எதிர்த்தன. அவர்கள் கேட்டதில் ஒன்று நின்றது: நகர நடுவில் பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்கிறவர் இந்த ஆற்றைத் தெரிந்தவர் என்று தனியே தேர்ச்சி காட்ட வேண்டும். ஆனால் சொந்த உல்லாசத்துக்குப் படகு வைத்திருப்பவருக்கு அதுவும் தேவையில்லை. கடையில் ஒரு கயாக் வாங்கி, அன்றிரவே படித்துறையில் இறக்கினாலும், தகுதிச் சான்று எதையும் சட்டம் கேட்பதில்லை. துறைமுக ஆணையம் வழிகாட்டு நூல்கள் வெளியிடுகிறது, எச்சரிக்கிறது; படிப்பதும் விடுவதும் அவர் பாடு.

ஏழாண்டுப் பழகுகாலத்தை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. ஓதம் இன்று எத்தனை மணிக்குத் திரும்புகிறது, எந்தக் கண் திறந்திருக்கிறது, நங்கூரமிட்ட தோணிகள் எங்கே நிற்கின்றன, சிமிட்டும் வெள்ளை விளக்குக்கு என்ன பொருள் என்ற இந்த நான்கையும் ஒரு பகல் பொழுதில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இருட்டிய பிறகு நகர நடுவில் இறங்குகிறவருக்காவது அந்த ஒரு நாளைக் கட்டாயமாக்கலாம். புட்னியின் துடுப்புக் கழகங்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே செய்துவருகின்றன. கழகம் எதிலும் சேராமல் தனியாக வருகிறவருக்குத்தான் இன்னும் யாரும் செய்யவில்லை.